வால் இறங்குகிற நேரம்

எங்கள் ஊரில் முட்டாள்கள் மூன்று பேர்தான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது அபாண்டம். அந்த மூன்று பேரும் ஒன்றாகப் பந்தல் வேலைக்குப் போவதால் சேர்ந்தாற்போல் கண்ணில் படுகிறார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் நாங்கள் தனித்தனியாக இருக்கிறோம்.

மூவருக்கும் தலைவர் தவசிலிங்கம் மேஸ்திரி. கம்பைப் பிடிப்பவன் பெத்துராஜ். சுத்தியல் அடிப்பவன் மாரிக்கண்ணு. மேஸ்திரிக்குக் கயத்தாறில் செண்பகவல்லி என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் வீட்டில் மிருக வேட்டை வீடியோ கேம் ஆடுகிறவள். அதில் வரும் முள்வாலன் என்கிற ராட்சத மிருகத்தை மட்டும் தன்னால் கொல்லவே முடியவில்லை என்று ஒருநாள் போனில் வருத்தப்பட்டாள். நிச்சயமான பெண் வருத்தப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? "அதையா? நான் போன மாசமே கொன்னுட்டனே" என்று மேஸ்திரியின் வாய் சொல்லிவிட்டது.

அவர் அதுவரை அந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பொய் சொல்லுகிற மாப்பிள்ளை என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகுமே என்று அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கையில் ஆறு நாள்தான் இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லூர்து அண்ணாச்சி கேம் கடை வைத்திருக்கிறார். மூவரும் அங்கே போய் நின்றார்கள். அண்ணாச்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முள்வாலன் வாலைத் தூக்கும். தூக்கியதும் பொத்தானை அமுக்கக் கூடாது. வால் இறங்கி மேலே படப்போகிற நேரத்தில் அமுக்கினால், வாலைத் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கலாம். முந்தினாலும் அடி விழும், பிந்தினாலும் அடி விழும்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் அண்ணாச்சி. "அது அடிக்க வந்தாத்தான் நாம அடிக்கணும்."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை யாரும் குறை சொன்னது கிடையாது.

பந்தல் வேலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெத்துராஜின் கட்டைவிரல் ஒருமுறை நசுங்கியதிலிருந்து, கேட்காமல் யாரும் எதையும் அடிப்பதில்லை. அதே ஒழுங்கில் இங்கேயும் உட்கார்ந்தார்கள்: பார்ப்பது பெத்துராஜ், உத்தரவு மேஸ்திரி, பொத்தான் மாரிக்கண்ணு கையில். முள்வாலன் வாலைத் தூக்கி இறக்கியது.

"வால் இறங்குது மேஸ்திரி," என்றான் பெத்துராஜ்.

"ம், அடி," என்றார் மேஸ்திரி.

"அடிக்கட்டுமா?" என்றான் மாரிக்கண்ணு.

"என் விரல் குறுக்க இல்ல, அடி," என்றான் பெத்துராஜ்.

இதற்குள் திரையில் அவர்களுடைய வேட்டைக்காரன் அப்பளமாகியிருந்தான். அன்று மட்டும் நாற்பத்திரண்டு முறை அப்பளமானான். நாற்பத்திரண்டு முறையும் பெத்துராஜ் தன் விரலைப் பார்த்துக்கொண்டான். பத்திரமாக இருந்தது.

ஒரே ஆள் பார்த்து ஒரே ஆள் அடிக்கக் கூடாதா என்று அண்ணாச்சி கேட்டார். அப்படியானால் மற்ற இருவருக்கு என்ன வேலை என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார். கடைசியில் மாரிக்கண்ணுவே வழி கண்டுபிடித்தான். அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் தாமதம் ஆகாதல்லவா?

மறுநாள் காலை டீக்கடையிலேயே முப்பது தடவை "அடிக்கட்டுமா" கேட்டு, முப்பது தடவை "அடி" வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தான். விளையாட்டு தொடங்கியதும் முப்பதையும் மளமளவென்று அமுக்கித் தீர்த்தான். முள்வாலன் பிறகுதான் வந்தது. முந்தினாலும் அடி விழும் என்று அண்ணாச்சி சொன்னது உண்மைதான் என்று மூவரும் வியந்துகொண்டார்கள்.

வேலையிலும் பயிற்சியை விடவில்லை. வியாழக்கிழமை ஒரு காதுகுத்துப் பந்தலில் நடுக்கம்பு சாயத் தொடங்கியது. வேறு ஆட்களாக இருந்தால் ஓடிப்போய்ப் பிடித்திருப்பார்கள். இவர்கள் கம்புக்கு நேர் எதிரே வரிசையாக நின்று, அது இறங்குகிற நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். "பொறு, பொறு," என்றார் மேஸ்திரி. மூவருக்கும் நெற்றியில் ஒரே உயரத்தில் கட்டு. பந்தல் சாம்பார் அண்டாவில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி அத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கேம் கடைக்கு வந்தாள். அத்தை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். செண்பகவல்லி உள்ளே வந்து, மூன்று நெற்றிக் கட்டுகளையும் பார்த்து, முள்வாலன் இவ்வளவு பொல்லாததா என்று மரியாதையாகக் கேட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. புதுப்பெண் பார்க்கிற பதற்றத்தில் மாரிக்கண்ணு அமுக்க வேண்டியதை அமுக்காமல் ஓட்டம் பிடித்தான். வேட்டைக்காரன் பாறை, ஓடை, காடு எல்லாம் சுற்றி ஓடினான். துரத்திச் சலித்த முள்வாலன் ஒரு குகைக்குள் போய்ச் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டது.

"நல்ல சமயம், போட்டுத் தள்ளுங்க," என்றார் அண்ணாச்சி.

மேஸ்திரி அவரை வருத்தத்தோடு பார்த்தார். "அது அடிக்க வந்தாத்தான் நாம அடிக்கணும்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க?"

எழுப்பிவிட்டு அடிக்கலாமா என்று பெத்துராஜ் கேட்டான். அடித்தால்தான் எழும்பும், எழும்பினால்தான் அடிக்கலாம், இதில் முதலில் எதைச் செய்வது என்று மாரிக்கண்ணு கேட்டான். மூவரும் கால் மணி நேரம் யோசித்தார்கள். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரிக்கு இதற்குமேல் தாங்கவில்லை. பாவம், நல்ல மனுஷர். கண்ணில் தண்ணீரோடு செண்பகவல்லி பக்கம் குனிந்தார். "நான் சொன்னது பொய்ம்மா. இத நான் கொன்னதே இல்ல."

செண்பகவல்லி பதறிப்போய்த் திரையைப் பார்த்தாள். முள்வாலன் அசையவில்லை. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இதப் போயி அது பக்கத்துல வச்சா சொல்லுவீங்க?" என்றாள். "தன்னப் போன மாசமே கொன்னாச்சுன்னு நெனச்சுத்தான் அது பேசாமப் படுத்திருக்கு. உசுரோட இருக்கோம்னு தெரிஞ்சா எந்திரிச்சிராதா?"

மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு அறிவாளிப் பெண் தனக்கு வாய்த்ததே என்று பூரித்துப்போனார். ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்துவிடலாம் என்று அங்கேயே சைகையில் பேசி முடித்தார்கள்.

அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனார். நாலு பேரும் அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்கள். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

வாசலில் இருந்த அத்தை இவர்களைப் பார்த்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கியபடி, பேருந்து நிலையம் வரை அவர்கள் பின்னாலேயே நடந்தாள்.