சிவப்புக் கயிறு

பனிக் கணவாயில் சுமைக்காரர் நாற்பது பேருக்கு வழிகாட்டி, யாங்சென் என்ற பெண். புதுப்பனி கொட்டிய மறுநாள், உச்சிவெயிலில் சேனாதிபதி வந்தார்.

"பனி சரியும் என்று சாக்குச் சொன்னால் தலை இருக்காது. இப்போதே சரிவைக் கடக்க வேண்டும்!"

யாங்சென் மறுக்கவில்லை. நீளமான சிவப்புக் கயிற்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டினாள்.

"எதற்கு இது?"

"எங்கள் வழக்கம், ஐயா. முதலில் போகிறவர் புதைந்துபோனால் கயிற்றின் நுனி பனிக்கு மேலே கிடக்கும். அதைப் பார்த்துத் தோண்டுவோம்."

"நானா முதலில்?"

"ஆபத்தில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே, ஐயா."

சேனாதிபதி சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"குதிரைகள் களைத்திருக்கின்றன. விடியலில் போகலாம்."

சொல்லி முடிப்பதற்குள் மலை உறுமியது. சரிவு முழுவதும் பெயர்ந்து இறங்கி, பாதையை மூடியது.

நாற்பது பேரும் அசையாமல் நின்றார்கள். அன்று முழுவதும் சேனாதிபதி கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை.