வேலாண்டியின் கடைவாய்ப் பல்லில் முக்கால் பங்கு

கோணப்பட்டியில் நாலு புத்திசாலிகள் இருந்தார்கள். ஊரே அப்படித்தான் சொல்லும், சிரிப்பை அடக்கிக்கொண்டு. வேலாண்டி, கொம்பையா, பிச்சாண்டி, மொக்கையன் என்று பேர். நாலு பேரும் மாசாமாசம் உண்டியலில் காசு போட்டு ஒரு வைத்தியச் சங்கம் நடத்தினார்கள். யாருக்கு நோவு வந்தாலும் முழுச் செலவும் சங்கத்துடையது. அதனால் விக்கல் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உண்டியல் சீக்கிரமே காலியாகிவிட்டது.

தலைவர் கொம்பையா டவுனுக்குப் போய் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் யோசனை கேட்டு வந்தார்.

"இனிமே கால் பங்கு நோயாளி ஏத்துக்கணும், முக்கால் பங்கு சங்கம் ஏத்துக்கணும். அப்பத்தான் சும்மா சும்மா டாக்டர்கிட்ட ஓட மாட்டோமாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வாரமே வேலாண்டிக்குக் கடைவாய்ப் பல் உயிர் போகிற மாதிரி வலித்தது. மறுநாள் மகள் கல்யாணத்துக் கறிவிருந்து வேறு. நல்லி எலும்பைக் கடிக்க ஆறு மாசமாகக் காத்துக்கிடந்த மனுஷன், பாவம், அழாத குறைதான்.

"அழாதே. வலியிலும் கால் பங்குதான் உன்னுது," என்றார் கொம்பையா.

மற்ற மூவரும் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு முனகியபடி வேலாண்டியோடு கிளம்பினார்கள். முன்னெல்லாம் நோயாளி மட்டும் போவான். இப்போது நாலு பேருக்கும் பஸ் டிக்கெட்.

பல் டாக்டர் வரிசையாக நாலு துண்டைப் பார்த்துத் திகைத்தார். "யாருக்குய்யா வலி?"

"கால் பங்கு அவனுக்கு, முக்கால் எங்களுக்கு," என்றார் கொம்பையா.

"அப்ப வலி அதிகமா இருக்கிறவர் முதல்ல வாங்க."

நியாயம்தானே! தலைவர் கம்பீரமாக வாயைத் திறந்தார். ஆடாத அசையாத கடைவாய்ப் பல் ஒன்று தட்டில் விழுந்தது.

"முடிஞ்சுதுடா வேலாண்டி!" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

வேலாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சங்கம் யாருக்குக் கிடைக்கும்! பல்லைத்தான் எடுத்தாச்சே, இனி வலிப்பது முறையில்லை என்று தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கால் பங்குக் காசைச் சந்தோஷமாகக் கட்டினான்.

மறுநாள் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் எதிரே உட்கார்ந்து, ஆசை ஆசையாக நல்லி எலும்பை எடுத்து நறுக்கென்று கடித்தான்.

"ஐயய்யோ!"

பந்தல் அதிர்ந்தது. கொம்பையா எச்சில் கையோடு எழுந்து வந்து அவன் வாயைப் பொத்தினார்.

"போதும்டா, உன் பங்கு கத்தியாச்சு. மிச்சம் சங்கத்துது!"

மூவரும் இலைக்கு முன்னால் வரிசையாக நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆரம்பித்தார்கள்.