நூற்றுக்கு நூற்றுப்பத்து

ரொம்பக் காலத்துக்கு முந்தி வெண்குன்ற நாட்டைக் கனகவேலன் என்றொரு ராஜா ஆண்டான். மனுஷன் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. ஒரு நாள் திடீரென்று சட்டம் போட்டான். வைத்தியசாலையில் நான்கு பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண். நான்கிலும் சேர்த்து இருநூற்று நாற்பது வாங்கினால்தான் வைத்தியர். நான்கும் முடிந்தும் அதை வாங்காத மாணாக்கர் யார் நாடியையாவது தொட்டால் நாடு கடத்தல்!

அங்கே படித்தவள் தையல்நாயகி. முதல் பரீட்சையில் எழுபத்திரண்டு வாங்கினாள். இரண்டாம் பரீட்சை அன்று அவள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தான். இவள் பரீட்சைக்குப் போகவில்லை. பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவதில் ஐம்பத்தெட்டு. கடைசிப் பரீட்சைதான் பாக்கி.

பரீட்சை வைக்கும் தலைமை வைத்தியர் பூபாலருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காய்ச்சல் பரவிய நெசவாளர் தெருவில் சனங்கள் அவரை விட்டுவிட்டு அவளை அல்லவா கூப்பிட்டார்கள்! வயிறு எரியாதா? சபையில் எழுந்து கணக்குப் போட்டார்.

"அரசே! எழுபத்திரண்டு, சுழி, ஐம்பத்தெட்டு. ஆக நூற்று முப்பது. இன்னும் நூற்றுப்பத்து வேண்டும். நூற்றுக்கு நூறே வாங்கினாலும் பத்து உதைக்கிறது. அவள் எதற்குப் பரீட்சைக்கு வர வேண்டும்? வீட்டில் அடுப்பு ஊதட்டும்."

மந்திரி சொக்கப்பருக்குச் சுருக்கென்றது. நெசவாளர் தெருவில் அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட விதத்தை அவர் நேரில் கண்டவர்.

"நூற்றுப்பத்து வாங்கிவிட்டால்?" என்றார்.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். பந்தயம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "நூற்றுக்கு நூற்றுப்பத்தா? எப்படி ஐயா?"

"வாங்காவிட்டால் என் தலைப்பாகையைப் பூபாலர் தலையில் கட்டிவிடுங்கள். ஒன்றே ஒன்று, கடைசிக் கேள்விக்கு நோயாளிதான் மதிப்பெண் போட வேண்டும். நோயாளியாக நடிக்க இந்த ஊரில் தங்களை விட்டால் வேறு ஆள் ஏது?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பரீட்சை நாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒன்பது கேள்விக்குத் தையல்நாயகி பிசகாமல் பதில் சொன்னாள். தொண்ணூறு. பத்தாவது, காய்ச்சல்காரன். ராஜாவைக் கம்பளி கம்பளியாகப் போர்த்தி முற்றத்தில் கிடத்தினார்கள். முதலில் அவன் ஜோராக முனகினான். கொஞ்ச நேரத்தில் முனகல் நிஜமாகிவிட்டது.

"தண்ணி! தண்ணி கொண்டா!"

"கூடாது அரசே," என்றார் பூபாலர். "காய்ச்சலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. நூலில் உள்ள விதி."

"நூலாவது மண்ணாங்கட்டியாவது! நாக்கு ஒட்டிக்கொள்கிறது ஐயா!"

தையல்நாயகி ராஜாவின் தலையைத் தூக்கிப் பிடித்துச் செம்பைச் சாய்த்தாள். அவன் மடக்மடக்கென்று குடித்து முடித்தான்.

"தப்பு! இதற்குச் சுழி!" என்று குதித்தார் பூபாலர்.

"மதிப்பெண் போடுவது நீரா, நானா? பத்துக்கு இருபது!" என்றான் ராஜா. "என்ன சொக்கப்பரே, நூற்றுப்பத்து ஆயிற்றா?"

சபை கொல்லென்று சிரித்தது. சொக்கப்பர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏனம்மா, தண்ணீர் கொடுக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டான் ராஜா.

"என் பிள்ளை சொன்னான், மகாராஜா."

சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று.

"அம்மா தண்ணி, அம்மா தண்ணின்னு கேட்டுக்கிட்டே கிடந்தான். படிச்ச விதியாச்சேன்னு நான் கொடுக்கல. அவன் கண்ணுல படாம செம்பை ஒளிச்சு வெச்சேன். அப்புறம் கேக்கிறதை நிறுத்திட்டான். அதுக்குப் பிறகுதான் தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் கொடுத்தேன். அதுங்க பிழைச்சுக்கிச்சு."

சொக்கப்பருக்குத் தலை குனிந்தது. தெருவில் அவள் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்துத்தானே இந்த வேடிக்கையை ஜோடித்தார்! ஏன் கொடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே பாவி என்று தன்னையே நொந்துகொண்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, மூணாம் பரீட்சையிலயும் இதே கேள்வி வந்துச்சு. தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சும், மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டு, பிள்ளையைப் புதைச்ச கையாலயே எழுதினேன். அந்தப் பத்தைக் கழிச்சிடுங்க."

சொக்கப்பர் கழித்தார். வேறு என்ன செய்ய? "இருநூற்று முப்பது," என்றார்.

"பத்து குறைகிறது! தேறவில்லை!" என்றார் பூபாலர். அந்த இடத்தில் அவர் ஒருவருக்குத்தான் சந்தோஷம்.

"தேறவில்லைதான்," என்றார் சொக்கப்பர். "அரசே, மாணாக்கருக்குத்தான் இருநூற்று நாற்பது வேண்டும். பரீட்சை வைப்பவருக்கு எத்தனை வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. பூபாலர் எத்தனை வாங்கினார் என்று நாமும் கேட்டதில்லை."

ராஜா கம்பளியை உதறி எழுந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "இனி பரீட்சை வைப்பவள் தையல்நாயகி. பூபாலரே, அடுத்த பரீட்சைக்கு முதல் வரிசையில் நீர் உட்காரும். அம்மா, வேறென்ன வேண்டும்? கேள்."

"நெசவாளர் தெருவுக்கு ஒரு கிணறு, மகாராஜா."

கிணறு வெட்டினார்கள். அவள் இருந்தவரை அந்த ஊரில் காய்ச்சல் கண்ட பிள்ளைகளெல்லாம் அவள் கையால் தண்ணீர் குடித்தன. குடிக்காமல் போனது ஒன்றே ஒன்று. அது அவள் பெற்றது.