ஏழடுக்குக் கொண்டைச் சிமிழ்

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டில், ஒரு கடைசல் பட்டறை இருந்தது. அதை நடத்தியது கூரன் என்னும் முள்ளம்பன்றி. அதற்குக் கூட்டாளி ஒரு கரடி.

பட்டறை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எதிரெதிரே இரண்டு இரும்பு முனைகள். நடுவில் ஒரு மரக்கட்டை. கட்டையைச் சுற்றி ஒரு தோல்வார். கரடி வாரை முன்னும் பின்னும் இழுக்கும், கட்டை விர்ரென்று சுற்றும், கூரன் உளியை வைக்கும். மரச்சீவல் சுருள் சுருளாக விழும்.

அங்கே மூடி போட்ட சின்னச் சிமிழ்கள் செய்தார்கள். விதை வைக்க, உப்பு வைக்க, மருந்து வைக்க. ஒவ்வொரு மூடியின் உச்சியிலும், பிடித்துத் திறப்பதற்கு உருண்டையாக ஒரு குமிழ் இருக்கும்.

சிமிழைக் கொடுக்கும்போது கூரன் ஒரு சோதனை செய்துகாட்டும். மூடியை மட்டும் பிடித்து மேலே தூக்கும். சிமிழும் கூடவே எழும்பும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடிப்பாகம் தானாகக் கழன்று, மெதுவாக இறங்கி, கீழே நீட்டியிருக்கும் கையில் உட்காரும். அப்படி உட்கார்ந்தால்தான் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பொருத்தம் சும்மா வந்துவிடாது. பச்சை மரத்தை முதலில் தோராயமாகக் கடைவார்கள். பிறகு அடுப்புக்கு மேலே பரணில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போட்டுவைப்பார்கள். காயக் காய மரம் சுருங்கும், கோணும். கோண வேண்டியதெல்லாம் கோணி முடித்த பிறகு மறுபடி கடைந்து மூடியைப் பொருத்துவார்கள். ஒரு சிமிழுக்கு இரண்டு கடைசல். கூரனின் பட்டறையில் பல வருஷமாக இதுதான் நடைமுறை.

ஒருநாள் ஒரு மயில் அந்தப் பக்கம் வந்தது. கொண்டை என்றால் அதற்கு உயிர். அதாவது, அதனுடைய கொண்டை.

சிமிழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மயில் உதட்டைப் பிதுக்கியது. மயிலுக்கு ஏது உதடு என்று கேட்காதீர்கள். அலகைச் சுளித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இதென்ன கூரா, மூடிமேல மொண்ணையா ஒரு உருண்டை? பார்க்கச் சகிக்கல. மேல கொண்டை வேணும். மெல்லிசா, அடுக்கடுக்கா, உசரமா. என்னைப் பாரு."

கூரன் பார்த்தது. அன்றைக்கே ஒரு மூடியில் மூன்றடுக்குக் கொண்டை கடைந்தது. மறுநாள் ஐந்தடுக்கு. மயில் அதைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் சுற்றிக் காட்டியது. அவ்வளவுதான், நரி கேட்டது, மான் கேட்டது, மரநாய் கேட்டது. எல்லாரும் கொண்டைச் சிமிழை வாங்கிப்போய் அவரவர் இடத்தில் வைத்து அழகு பார்த்தார்கள். உள்ளே எதையாவது வைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "கூரன் கைவேலை, கூரன் கைவேலை" என்று காடே பேசியது. கூரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இதில் ஒரு சங்கடம். மெல்லிய கொண்டை பச்சை மரத்தில் நிற்காது, கடையும்போதே ஒடிந்துவிடும். அதனால் பரணில் காய்ந்து கிடந்த கட்டையெல்லாம், தனியே கடைந்து மூடியில் சொருகும் கொண்டைக்கே போனது. சிமிழுக்கும் மூடிக்கும் மிஞ்சியது, முந்தாநாள் வெட்டிய பச்சைக் கட்டை.

கரடி வாரை இழுப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னது. "அண்ணே, கட்டை ஈரமா இருக்கு. வார்ல தண்ணி ஒட்டுது பாருங்க. இதைப் பரண்ல போடுவோம்."

"பரண்ல போட்டா அடுத்த வருஷம்தான் கைக்கு வரும். இத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்களே!"

"காயும்போது கோணிடுமே அண்ணே."

"மூடியைத் தூக்கிக் காட்டுறேன், பாரு. சரியா உட்காருதா இல்லையா?"

உட்காரத்தான் செய்தது. பச்சை மரம் முதல்நாள் எல்லாப் பேச்சும் கேட்கும். கரடி தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி வாரை இழுத்தது. உளி வேலையில் கூரன் சொன்னதை மீறி அது எதுவும் செய்ததில்லை.

சித்திரை மாசத்தில் ஒரு தாய் முயல் பட்டறைக்கு வந்தது. முந்தின வருஷம் அதன் மூத்த குட்டியைப் பாம்பு கடித்துவிட்டது. வளையில் விஷமுறிவுப் பொடி இருந்தது. ஆனால் இலையில் மடித்துவைத்த பொடி மழையில் நனைந்து கெட்டுப்போயிருந்தது. குட்டி பிழைக்கவில்லை. இப்போது மிச்சம் இருப்பது துத்தி என்ற ஒரே ஒரு குட்டிதான். அதைக் கூடவே அழைத்துவந்திருந்தது முயல்.

"அண்ணே, ஈரம் புகாம ஒரு சிமிழ் வேணும். மலைக்குப் போய் வேர் தோண்டி, இடிச்சு, பொடி பண்ணி வச்சிருக்கேன். கொண்டை கிண்டை எல்லாம் வேண்டாம். அவசரத்துக்குப் புடிச்சுத் திறக்க ஒரு குமிழ் போதும்."

"உனக்குக் கொண்டை இல்லாமலா?" என்றது கூரன். "இதுவரைக்கும் யாருக்கும் செய்யாததைச் செஞ்சு தர்றேன், பாரு தங்கச்சி."

அது கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முயலின் கதையைக் கேட்டு அதற்கு மனசு உருகியிருந்தது. ஆனால் உருகிய மனசு போன இடம் கொண்டை. பரணில் மிச்சமிருந்த ஒரே காய்ந்த கட்டையை எடுத்து, நான்கு நாள் உட்கார்ந்து, ஏழடுக்குக் கொண்டை கடைந்தது. அடியில் ஒரு கலசம், அதன்மேல் வளையங்கள், அதன்மேல் தாமரை மொட்டு, நுனி புல்லின் கனம்தான். சிமிழைப் பச்சைக் கட்டையில் ஒரே காலைப்பொழுதில் கடைந்து முடித்தது. மேலே சிவப்பு அரக்கு பூசிப் பளபளவென்று தேய்த்தது.

சோதனையும் நடந்தது. சிமிழ் அழகாக இறங்கி முயலின் கையில் உட்கார்ந்தது. துத்தி கைதட்டிச் சிரித்தது.

பக்கத்தில் நின்ற மயிலுக்குக் கண் அதிலேயே இருந்தது. "கூரா, முதல் மழைக்கு நான் பாறைமேல ஆடுவேன்ல? அன்னைக்கு இந்தச் சிமிழ் என் பக்கத்துல இருக்கணும். காடே வந்து பார்க்கட்டும்."

"கேட்டியா தங்கச்சி? அன்னைக்கு ஒருநாள் மட்டும் கொடுத்து வாங்கிக்கோ. அதுவரைக்கும் கொண்டை ஒடியாம பார்த்துக்கோ" என்றது கூரன்.

முயல் சரியென்று தலையாட்டியது. வளைக்குப் போய்ப் பொடியை நிரப்பி, மூடியை அழுத்தி மூடி, உயரமான பொந்தில் வைத்தது. திறந்தால் காற்று பட்டுப் பொடி கெட்டுவிடும் என்று அதற்கப்புறம் திறக்கவே இல்லை. அந்தப் பொந்தின் இருட்டில், கோடை முழுக்க, சிமிழ் மெல்ல மெல்லக் காய்ந்தது. வட்டம் கோணியது. மூடி சுருங்கி, சிமிழின் வாயைக் கவ்விப் பிடித்தது.

முதல் மழை வந்தது. அன்று காலையிலேயே புற்றுகளில் தண்ணீர் புகுந்து பாம்புகள் வெளியே வந்துவிட்டன. வளை வாசலில் தளிர் கடித்துக்கொண்டிருந்த துத்தியின் பின்னங்காலில் ஒன்று கொத்திவிட்டுப் போனது.

"அம்மா, சுருக்குன்னுச்சு" என்றது துத்தி. உட்கார்ந்துகொண்டது. பிறகு படுத்துக்கொண்டது.

முயல் பாய்ந்து போய்ச் சிமிழை எடுத்தது. மூடியை இழுத்தது. வரவில்லை. கொண்டையைப் பிடித்தால் அது விரலுக்குள் வளைந்தது, அதற்குமேல் இழுக்க முடியவில்லை. மூடியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் அரக்கில் கை வழுக்கியது. கடித்தால் பல் வழுக்கியது. கல்லை எடுத்து ஓங்கியது. வளைக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொடி அதில் கொட்டினால் அவ்வளவுதான். ஓங்கிய கை இறங்கிவிட்டது. பட்டறை கூப்பிடு தூரம். செய்தவருக்குத் திறக்கத் தெரியாதா?

"தூங்கிடாத கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முயல் மழையில் ஓடியது.

பட்டறையில் கூரன் இருந்தது, கரடி இருந்தது. ஆட்டத்துக்குச் சிமிழைக் கேட்டுவாங்க வந்த மயிலும் இருந்தது.

"அண்ணே! துத்தியைப் பாம்பு கடிச்சிருச்சு! மூடி திறக்கல அண்ணே!"

கரடி சட்டென்று கையை நீட்டியது. "இங்க கொடு. ஒரே அமுக்கு, நொறுக்கிடறேன்."

"நொறுக்காதே! பொடி எல்லாம் சீவல்ல கலந்து வீணாப்போயிடும்" என்று கூரன் தடுத்தது.

அது உண்மைதான், குழந்தைகளே. ஆனால் கூரனின் மனசில் முதலில் வந்தது பொடி இல்லை. ஏழு அடுக்கும் நொறுங்குவதுதான் அதன் கண்முன் வந்தது. தப்பான எண்ணத்துக்குச் சரியான காரணம் ஒன்று கையோடு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"அப்ப முனையில மாட்டுங்க அண்ணே," என்றது கரடி. "ரெண்டே இழுப்பு. மூடியோரமா உளியை வச்சா வட்டமா வெட்டுப்பட்டு வந்துடும். பொடி சிந்தாது."

கூரன் சிமிழைக் கையில் எடுத்தது. இரும்பு முனையைப் பார்த்தது. கொண்டையின் நுனியைப் பார்த்தது. முனையில் மாட்டினால் இரும்பு கொண்டையில் குத்தும். தாமரை மொட்டு நசுங்கும்.

"அச்சச்சோ, அதுல குத்துறதா!" என்றது மயில்.

"அண்ணே, கொண்டை போகட்டும்!" என்று முயல் கத்தியது. "அது எனக்கு எதுக்கு? திறந்து கொடுங்க!"

"ஒரே நிமிஷம் தங்கச்சி. பக்குவமா கையாலேயே திறந்துடறேன். எதுவும் வீணாகாது."

கூரன் மெல்லிய உளி ஒன்றை எடுத்து மூடியின் ஓரத்தில் சொருகியது. சுற்றிவரத் தட்டியது. கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. "இதோ, ஒரே நிமிஷம்." அடுப்புத் தணலில் காட்டியது. மறுபடி தட்டியது. "அவ்வளவுதான், வந்துடுச்சு." முயல் வாசலுக்கும் உளிக்குமாக ஓடி ஓடி நின்றது. இத்தனை நேரம் பொறுத்தாயிற்று, இந்த ஒரு நிமிஷத்தில் திறந்துவிடும் என்று அது ஒவ்வொரு தடவையும் நம்பியது. கரடி வாரைக் கையில் பிடித்தபடி நின்றது. ஒரு அடி முன்னால் வைத்தது. ஆனாலும் கூரனின் கையிலிருந்து சிமிழைப் பிடுங்கவில்லை.

ஒரு பானைச் சோறு வெந்து இறக்கும் நேரம் ஆயிற்று.

கடைசியில் மூடி 'க்ளுக்' என்று கழன்றது. உள்ளே பொடி, இடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே உலர்ந்து கமகமவென்று இருந்தது. முயல் சிமிழைப் பறித்து, மூடியை மேலே லேசாக வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியது. கரடியும் பின்னாலேயே ஓடியது.

"நல்லவேளை, ஒரு கீறல்கூட விழல," என்றது மயில்.

கூரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அதற்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

மழை ஓய்ந்தது. பாறையைச் சுற்றி விலங்குகள் கூடின, கூரனும் வந்து நின்றது. மயில் தோகையை விரித்து நின்றது. சிமிழ் வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

முதலில் கரடி வந்தது. யாரையும் பார்க்காமல் கூட்டத்துக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தது. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டது. அதன் நகத்திலெல்லாம் ஈரமண் அப்பியிருந்தது. சின்னதாக ஒரு குழி தோண்டிய மண்.

அடுத்து முயல் வந்தது. அது அழவில்லை. நேராகக் கூரனிடம் வந்து சிமிழை நீட்டியது. விளிம்புவரை பொடி அப்படியே இருந்தது. ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. கொண்டையும் அப்படியே இருந்தது, ஏழு அடுக்கும்.

"நான் போனப்பவே உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு அண்ணே" என்றது முயல்.

கூரனின் உடம்பிலிருந்த முள்ளெல்லாம் படிந்து, அது பாதியாகக் குறுகிப்போனது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் இறங்கியது.

முயல் மூடியைத் தனியாகக் கூரனின் காலடியில் வைத்தது.

"பொடியை நீங்களே வச்சுக்கோங்க. வேற யார் பிள்ளைக்காவது ஆகட்டும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. இரண்டு அடி போய் நின்றது.

"ஆனா அண்ணே, அதுமேல இந்த மூடியைப் போட்டு மூடிடாதீங்க."

நீதி: உயிர் காக்கச் செய்த பொருளின் அழகைக் காப்பதற்காகத் தயங்கி நிற்பவன், காப்பாற்றியிருக்கக் கூடிய உயிரைக் கைவிடுகிறான்.