இரண்டு விரல் மேலே

துடியலூரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் மரகதவல்லி அம்மாள் இருந்தார். அவரைக் குருவாகக் கொண்ட சிலர் காலையும் மாலையும் வந்து, அவரோடு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். திருமலைச்சாமி மட்டும் போகவில்லை. மனைவி சொல்லச் சொல்லக் கேட்காமல் வீட்டை விட்டு வந்தவர். இரண்டு வருடமாகக் கூடத்து மூலையில்தான் படுக்கை. குருவை விட வயதில் மூத்தவர். குரு அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை அவர் மனைவி பூங்கோதை போனில் பேசினார். வருவதானால் வரலாம் என்றார். ஆனால் முன்னறை முழுக்கத் தையல் மிஷின் போட்டாயிற்று. மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ராத்திரிச் சமையல் இனி திருமலைச்சாமி பொறுப்பு. சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மிஷின்களோடு தங்கை ஊருக்குப் போய்விடுவதாகவும் சொன்னார்.

திருமலைச்சாமி குருவைத் தேடி வந்தார்.

"போகணும்னுதான் இருக்குதுங்கம்மா. முன்னால இருந்த மாதிரி இருக்க முடியுமாங்க?"

குரு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். சிங்க்குக்குக் கீழே அலமாரியின் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்ட்டிகிள் போர்டு. குழாய் ஒழுகியதில் அலமாரியின் அடிப்பாகம் ஊறி உப்பி, கீழ்க் கீல் பிடுங்கிக்கொண்டுவிட்டது. குழாயை அடைத்தாயிற்று. கதவுதான் பாக்கி.

"இத மாட்டிக் குடுங்கண்ணா," என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

அவர் கீலைப் பழைய இடத்தில் வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. தூள் கொட்டியது. கடைக்குப் போய்த் தடிமனான ஸ்க்ரூ வாங்கி வந்தார். முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து ஏற்றினார். கதவைத் திறந்ததும் கீல் ஒரு பிடி தூளோடு கையில் வந்தது.

"காலைல கண்ண மூடி அத்தன அமைதியா உக்காந்திருந்தாரே, அவரு எங்கண்ணா போனாரு?"

திருமலைச்சாமி சிரிக்கவில்லை. இது மரமே இல்லை, தூளை அமுக்கிப் பசை போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள், பிடுங்கி எறிந்துவிட்டுத் தேக்கில் செய்துவிடலாம் என்றார். தேக்கு வருகிற வரைக்கும் பாத்திரத்தை உங்கள் தலையில் அடுக்கவா என்று குரு கேட்டார்.

திருமலைச்சாமி ஸ்க்ரூவை உள்ளங்கையில் உருட்டினார்.

"அப்ப என்னதான் பண்றதுங்க?"

"கட்டை விரல்ல அமுக்கிப் பாருங்க."

அலமாரியின் பக்கப் பலகையை அடியிலிருந்து ஓரமாக அமுக்கிக்கொண்டே போனார். கீழே பலகை உள்வாங்கியது. பழைய ஓட்டைக்கு இரண்டு விரல் மேலே விரல் நின்றுவிட்டது.

"இங்க கெட்டியா இருக்குதுங்க."

"அங்க மாட்டுங்க."

"அப்படின்னா கதவுலயும் புதுசா ஓட்டை போடணுமே."

"ஆமா. ரெண்டு பக்கமும்தான்."

ஆணியால் இரண்டு பக்கமும் சின்னதாகத் துளையிட்டு, கையாலேயே மெதுவாக முடுக்கினார். ஸ்க்ரூ இறுகியது. பழக்க தோஷத்தில் இன்னொரு சுற்றுக்குக் கையைத் திருப்பினார். குரு மணிக்கட்டைப் பிடித்தார்.

"புடிச்சிருச்சு. விட்டுருங்க."

கதவு மூடியது. திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். வெளியே வெயில் தணிந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண் அலமாரியின் மேலேயே இருந்தது. பலகையிலும் கதவிலும் பழைய ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தன.

"பழசு தெரியுங்களேம்மா," என்றார் மெதுவாக. "வீட்டுல அவ தினமும் பாப்பாளே."

குரு மேடையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, பழைய ஓட்டைகளில் மெழுகைச் சொட்டி அடைக்க அவரிடம் நீட்டினார்.

"பாப்பாங்க. தண்ணி எறங்காம நீங்க பாத்துக்குங்க."