மணிக்கூண்டும் கச்சேரிக் கல்லும்

மெதடிஸ்ட் கோயில் மணி அடித்தால்தான் மருதங்குடியில் கடை திறக்கும், பள்ளிக்கூடம் கூடும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த மணியை முப்பது வருஷமாக அடித்துவந்தவர் ஞானாபரணம். இப்போது சாலையை அகலப்படுத்த மணிக்கூண்டை இடிக்கப் போகிறார்கள். புராதனச் சின்னம் என்று அரசு அறிவித்தால் மட்டுமே அது தப்பும்.

கோயிலுக்கு எதிரே, பழைய தாலுகா கச்சேரியில் இருந்த அதிகாரியிடம் மனுவோடு போனார். அதிகாரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நூறு வருஷக் கட்டடம்னு யார் வேணா சொல்லலாம்யா. அத்தாட்சி எங்கே?"

"சபைப் பதிவேட்டையெல்லாம் கரையான் தின்னுடுச்சுங்க ஐயா."

"இருந்தாலும் செல்லாது. அந்தக் காலத்து சர்க்காரே எழுதியிருக்கணும். எங்க கச்சேரியைப் பாரு, வாசல்ல கல்லே இருக்கு. அதை வச்சுத்தான் புராதனச் சின்னம்னு அறிவிச்சாங்க."

"அந்தக் கல்லுல இருக்கறது நிஜந்தானுங்களா?"

"சர்க்கார் கல்லுய்யா! அதையே சந்தேகப்படறியா?"

"அப்போ ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்க ஐயா."

அதிகாரி வாசலுக்கு வந்து, குமாஸ்தாக்கள் எல்லாரும் கேட்க உரக்க வாசித்தார்: "மெதடிஸ்ட் கோயில் மணியோசை கேட்டு வேலை தொடங்க ஏதுவாக, அக்கோயிலுக்கு நேர் எதிரே இக்கச்சேரி 1889-ஆம் ஆண்டு கட்டப்பட்டது."

வாசித்து முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

ஞானாபரணம் கைகட்டி நின்றார். "எங்க மணிக்கூண்டு பழசில்லைன்னா, உங்க கச்சேரி அன்னைக்கு எந்த மணியைக் கேட்டுத் திறந்துச்சுங்க ஐயா?"

அதிகாரி அப்போதுதான் மனுவைப் பிரித்தார்.