பெருமூச்சை எண்ணிய வைத்தியர்

முன்னொரு காலத்தில், எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்புகிற ராஜா ஒருவர் இருந்தார். மகுடவர்மர் என்று பெயர். அரண்மனைக் கிளிகளையே வாரம் ஒருமுறை எண்ணச் சொல்லுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அவருடைய தங்கை மரகதவல்லிக்கு இரண்டு வருடமாக மனம் சரியில்லை. சாப்பாடு இறங்காது, தூக்கம் பிடிக்காது, நாலு பேரைக் கண்டால் கை நடுங்கும். வைத்தியம் பார்த்தவர் அகோரப் பண்டிதர். நோய் குறைகிறது என்று ராஜாவுக்குக் காட்ட வேண்டுமே? இளவரசியின் அறை வாசலில் இரண்டு காவலர்களை உட்கார வைத்தார். உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டால், வெளியே பித்தளைச் செம்பில் ஒரு புளியங்கொட்டை டக்கென்று விழும்.

முதல் நாள் அறுபது கொட்டை. ஆறு மாதம் கழித்து ஐம்பத்து நாலு. பண்டிதர் செம்பைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார்.

"அரசே, ஆறு குறைந்துவிட்டது. இளவரசியார் குணமடைந்துவிட்டார்."

ராஜாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "நாளைக் காலை முரசறையுங்கள். தேர்த்திருவிழாவில் என் தங்கை முன்வரிசையில் நிற்கட்டும்" என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குணமானதாக முரசறைந்துவிட்டால் அதோடு மருந்து நிறுத்தம். அதன்பிறகு அவரை நோயாளி என்று யார் சொன்னாலும், அவரே சொன்னாலும், கசையடி. எந்தப் புண்ணியவான் வைத்த வழக்கமோ தெரியாது.

பண்டிதருக்கு விகடகவி பிச்சாண்டியின் மேல் நெடுநாள் பொறாமை. "முரசறையும் பாக்கியம் பிச்சாண்டிக்கே கிடைக்கட்டும்" என்று கொக்கி போட்டார். அறைந்தால் பொய்க்குத் துணை, மறுத்தால் ராஜத்துரோகம்.

பிச்சாண்டி எழுந்து, "அறைய மாட்டேன்" என்றான்.

"என் ஆணையை மீறுகிறாயா?"

"குணமானால்தான் முரசு, அரசே. ஆறு கொட்டை குறைந்தால் குணமா என்று சோதிக்க ஒரு நாள் கொடுங்கள். குணம்தான் என்றால் முரசின் தோல் கிழிய அடிக்கிறேன். இல்லையென்றால் தலையை எடுத்தாலும் அடிக்க மாட்டேன்."

மறுநாள் காலை ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். பட்டுத் துணிக்கு அடியில் அறுபது புளியங்கொட்டைகள்.

"யார் செய்த வேலை இது?"

"அடியேன்தான். வைத்தியமும் அடியேனே செய்கிறேன்." பிச்சாண்டி துணியை விலக்கி, ஆறு கொட்டைகளைப் பொறுக்கி எடுத்தான். "இப்போது அமருங்கள்."

ராஜா அமர்ந்தார். முகம் கோணியது. "இன்னும் குத்துகிறதடா."

"குத்தக்கூடாதே, அரசே. ஆறு குறைந்துவிட்டது. தாங்கள் குணமடைந்துவிட்டீர்கள். சபை கலையும் வரை அசையாமல் வீற்றிருக்கலாம். சந்தேகமென்றால் பண்டிதரைக் கேளுங்கள்."

"பண்டிதருக்கு என்ன தெரியும்? உட்கார்ந்திருப்பவன் நானல்லவா?"

சொல்லிவிட்டு ராஜா சட்டென்று நிறுத்தினார். பண்டிதர் விதானத்து ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

"மாலை இருக்கட்டும், அரசே. இளவரசியாரை இன்னும் யாரும் கேட்கவில்லை."

ராஜா தாமே தங்கையின் அறைக்குப் போனார். "வல்லி, ஆறு பெருமூச்சு குறைந்ததாமே. கொஞ்சமாவது தேவலையா அம்மா?"

"குறையவில்லை, அண்ணா. கொட்டை விழும் சத்தம் கேட்டு வெட்கமாக இருந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்."

ராஜா அருகே வந்தார். "அப்படியானால் நீ தேறிவிட்டாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

மரகதவல்லி மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். "காலையில் எழுந்ததும் தலை வாரிக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கை நடுங்கக்கூடாது. அது போதும் எனக்கு. அந்த நாள் வந்தால் நானே சொல்லுகிறேன்."

முரசும் இல்லை, கசையடியும் இல்லை என்று அன்றே ஆணை பிறந்தது. மருந்து தொடர்ந்தது. வாரம் ஒருமுறை இந்த இரண்டையும் இளவரசியிடமே கேட்க வேண்டும் என்று பண்டிதருக்கு உத்தரவானது. வாசலில் இருந்த காவலர்களை அனுப்பிவிட்டு, ராஜா தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் எத்தனை முறை பெருமூச்சு விட்டாள் என்று யாருக்கும் தெரியாது.